வைப்பை முறித்துப் பத்திரம் வாங்கியோர்: யெஸ் வங்கி விவகாரத்தில் காலாவதியாகும் உரிமைகள்

அத்திபெலே: யெஸ் வங்கியின் செயல்பாடுகளை 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி முடக்கியபோது, அதில் நிரந்தர வைப்பு வைத்திருந்தவர்கள் பதறினர். ஒரு மாதத்துக்கு ரூ.50 ஆயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்றது உத்தரவு. ஆனால் அந்தக் கட்டுப்பாடு மார்ச் 18 அன்றே நீக்கப்பட்டது. வைப்புதாரர் எவரும் இறுதியில் ஒரு ரூபாயைக்கூட இழக்கவில்லை.

அதே வங்கியின் ஊழியர்கள் சொன்னதைக் கேட்டு, முதிர்வுக்கு முன்பே வைப்பை முறித்து, அந்தப் பணத்தை வங்கியின் ‘ஏடி-1’ பத்திரங்களில் போட்ட வாடிக்கையாளர்கள் 277 பேர் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பின்னர் கணக்கிட்டது. அவர்கள் அவ்வாறு மாற்றிய தொகை ரூ.80 கோடி. ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ ரூ.29 லட்சம். பத்திரத்தை விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு 2020 மார்ச் 14 அன்று அந்த முதலீட்டின் மதிப்பு சுழியமாயிற்று. கட்டுப்பாடு விதிக்கப்பட்டதற்கும் பத்திரம் அழிக்கப்பட்டதற்கும் இடையே இருந்தவை ஒன்பது நாள்கள்தாம்.

அந்தப் பத்திரங்களைத் தள்ளுபடி செய்தது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றுவிட்டது. செய்திகளில் பேசப்படுவதும் அதுவே. ஆனால் தவறான தகவலைச் சொல்லி விற்றதற்காக வங்கியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை முற்றிலும் வேறொன்று. முதல் வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்களில் பலர், இரண்டாவது உரிமைக்கான காலக்கெடு கடந்துபோனதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத இழப்பு இது.

பெயரிலேயே குழப்பம்

ஏடி-1 என்பது ‘கூடுதல் முதல்நிலை மூலதனம்’. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் உலக நாடுகள் ஏற்ற ‘பேசல்-3’ விதிகளின்படி வங்கிகள் இவ்வகைப் பத்திரங்களை வெளியிடுகின்றன. இதற்கு முதிர்வு நாள் இல்லை. ஐந்தாண்டு போன்ற ஒரு காலத்துக்குப் பின் வங்கி விரும்பினால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் கேட்க முடியாது. நிதிநிலை மோசமானால் வட்டியை நிறுத்தலாம். நிறுத்திய வட்டியைப் பின்னர் சேர்த்துத் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. வங்கி தாக்குப்பிடிக்க இயலாத நிலையை எட்டிவிட்டதாக ரிசர்வ் வங்கி கருதினால், அசல் முழுவதையும் அழித்துவிடலாம். சுருங்கச் சொன்னால், வங்கி மூழ்கும்போது வைப்புதாரர்களைக் கரையேற்றுவதற்காகத் தம் பணத்தைப் பலியிட ஒப்புக்கொண்டவர்களே இதை வாங்குவோர். வைப்புத் தொகைக்கு உள்ள ரூ.5 லட்சம் காப்பீடும் இதற்குக் கிடையாது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குறித்த காலத்தில் முதிரும் வைப்பை நம் வங்கிப் பலகைகள் ‘நிரந்தர வைப்பு’ என்கின்றன. உண்மையில் நிரந்தரமானது, அதாவது முதிர்வே இல்லாதது, ஏடி-1 பத்திரம்தான். வைப்பு நிரந்தரமன்று, பத்திரமோ நிரந்தரம். ‘பத்திரம்’ என்ற சொல்லுக்கே பாதுகாப்பு என்ற பொருளும் இருக்கிறது. விற்பவருக்கு வேறென்ன வேண்டும்?

யெஸ் வங்கி 2016 டிசம்பரில் 9.5 சதவீத வட்டியில் ரூ.3,000 கோடிக்கும், 2017 அக்டோபரில் 9 சதவீத வட்டியில் ரூ.5,415 கோடிக்கும் இப்பத்திரங்களை வெளியிட்டது. ஒரு பத்திரத்தின் முகமதிப்பு ரூ.10 லட்சம். முதலில் வாங்கியவை பெரும்பாலும் நிறுவனங்கள். பிறகு அந்த நிறுவனங்களின் கையிலிருந்து தனிநபர்களின் கைக்குப் பத்திரங்களை மாற்றிவிடும் வேலையை வங்கியின் செல்வ மேலாண்மைப் பிரிவு செய்தது என்பது செபியின் கண்டறிதல். இந்த ஓர் அம்சமே விவகாரத்தின் தன்மையைக் காட்டிவிடுகிறது. இடரை அளந்து பார்க்கத் தெரிந்தவர் விற்கிறார். அளக்கத் தெரியாதவர் வாங்குகிறார். இருவருக்கும் நடுவே, வாங்குபவரின் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்த வங்கி நிற்கிறது.

2021 ஏப்ரல் 12 அன்று செபி பிறப்பித்த உத்தரவில் உள்ள கணக்கு இது: 2016 டிசம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை 1,346 தனிநபர்கள் சுமார் ரூ.679 கோடியை இப்பத்திரங்களில் முதலிட்டனர். அவர்களில் 1,311 பேர் ஏற்கெனவே யெஸ் வங்கியின் வாடிக்கையாளர்கள். பத்திரம் ‘சூப்பர் எஃப்டி’ என்றும், வைப்பைப் போலவே பாதுகாப்பானது என்றும் கூறி விற்கப்பட்டது. இடர்கள் முதலீட்டாளர் அனைவருக்கும் எடுத்துரைக்கப்படவில்லை. இதற்காக வங்கிக்கு ரூ.25 கோடியும், செல்வ மேலாண்மைப் பிரிவைச் சேர்ந்த மூவருக்குத் தனித்தனியே ரூ.50 லட்சம் முதல் ரூ.1 கோடி வரையும் அபராதம் விதிக்கப்பட்டது. பங்குப் பரிவர்த்தனை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அடுத்த மாதமே இந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

அபராதம் வசூலானாலும் அது முதலீட்டாளருக்குச் செல்லாது. செபி சட்டப்படி அபராதத் தொகை மத்திய அரசின் தொகுப்பு நிதியில் சேரும். ரூ.29 லட்சத்தை இழந்த ஓய்வூதியருக்கு அந்த உத்தரவிலிருந்து கிடைப்பது, தாம் ஏமாற்றப்பட்டது உண்மைதான் என்று ஒழுங்குமுறை அமைப்பு எழுதிவைத்த ஒரு சான்று மட்டுமே.

ஒரு நாள் வித்தியாசம்

தள்ளுபடி வழக்கு தனிக் கதை. 2020 மார்ச் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு மறுசீரமைப்புத் திட்டத்தில், ஏடி-1 பத்திரங்கள் நிரந்தரமாகத் தள்ளுபடி செய்யப்படும் என்ற பிரிவு இருந்தது. மார்ச் 13 அன்று மத்திய அரசு அறிவிக்கையாக வெளியிட்ட இறுதித் திட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. மறுநாள், ரிசர்வ் வங்கி நியமித்த நிர்வாகி ரூ.8,415 கோடி பத்திரங்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்.

2023 ஜனவரி 20 அன்று மும்பை உயர் நீதிமன்றம் இதை ரத்து செய்தது. மார்ச் 13 அன்றே வங்கி மறுசீரமைக்கப்பட்டுவிட்ட பின், அத்தகைய கொள்கை முடிவை எடுக்க நிர்வாகிக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ரிசர்வ் வங்கியின் பேசல் விதிகளும், மறுசீரமைப்புக்கு ‘முன்பு’ தள்ளுபடி செய்வதைப் பற்றியே பேசுகின்றன. ஒரு நாள் முந்தியிருந்தால் வழக்கின் தோற்றமே மாறியிருக்கக்கூடும். உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பை ஆறு வாரங்களுக்குத் தானே நிறுத்திவைத்தது. ரிசர்வ் வங்கியும் யெஸ் வங்கியும் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீட்டித்தது.

முதலீட்டாளர்களை உறுத்துவது அதிகார வரம்பு மட்டுமன்று. பத்திரம் வைத்திருந்தவர் பங்குதாரருக்கு முன் வரிசையில் நிற்பவர். இழப்பு முதலில் பங்குதாரரைத் தொட வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. யெஸ் வங்கியின் பங்குகள் அழிக்கப்படவில்லை. நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்றாண்டுகளுக்கு விற்க முடியாமல் பூட்டப்பட்டது, அவ்வளவே. மீட்புக்கு வந்த பாரத ஸ்டேட் வங்கி முதலிய வங்கிகள் ஒரு பங்குக்கு ரூ.10 கொடுத்தன. 2025இல் ஜப்பானின் சுமிட்டோமோ மிட்சுயி வங்கி, அவற்றிடமிருந்து 20 சதவீதப் பங்குகளை ரூ.21.50 வீதம், மொத்தம் ரூ.13,483 கோடிக்கு வாங்கியது. மீட்டவர்கள் ஆதாயம் அடைந்ததில் தவறில்லை. ஆனால் அந்த மீட்பின் அடித்தளத்தில் ரூ.8,415 கோடி பத்திரதாரர் பணமும் இருக்கிறது.

கரூரில் 1926ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் நேர்ந்தது இதற்கு நேர் மாறானது. டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது அதன் பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. கூடவே, ஏடி-1ஐ விட ஒரு படி பாதுகாப்பானவையாகக் கருதப்படும் இரண்டாம் நிலைப் பத்திரங்கள் ரூ.318.20 கோடிக்குத் தள்ளுபடி ஆயின. கரூர்ப் பங்குதாரர்களுக்கு அது பேரிடி. ஆயினும் இழப்பின் வரிசை அங்கே பிறழவில்லை. எட்டு மாத இடைவெளியில், ஒரே ஒழுங்குமுறை அமைப்பின் கீழ், இரு வங்கிகளுக்கு இரு முறைகள்.

சுவிட்சர்லாந்திலும் இதே கேள்வி எழுந்தது. 2023 மார்ச்சில் கிரெடிட் சூயிஸ் வங்கியை யுபிஎஸ் வாங்கியபோது பங்குதாரர்களுக்கு 300 கோடி பிராங்க் கிடைத்தது. சுமார் 1,650 கோடி பிராங்க் மதிப்பிலான ஏடி-1 பத்திரங்கள் சுழியம் ஆயின. அதற்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து அங்கும் மேல்முறையீடு.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தள்ளுபடி வழக்கில் பத்திரதாரர்கள் வென்றால், பத்திரம் உயிர் பெறும். எவரும் எதையும் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. தோற்றால், ‘பொய் சொல்லி விற்றார்கள்’ என்ற தனிநபர் வழக்கு ஒன்றே மிஞ்சும். அதற்கான கதவுகள் எவை, அவை எப்போது மூடப்படுகின்றன என்பதைப் பார்க்கலாம்.

கர்நாடக எல்லையின் கடைசி ஊர்களில் ஒன்றான அத்திபெலேயை எடுத்துக்கொள்வோம். ஒசூர் சாலையின் தொழிற்பேட்டைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் எல்லையின் இரு பக்கமும் வாழ்கிறார்கள். சம்பளக் கணக்கு பெங்களூருவில், வீடு ஒசூரில் என்பது இங்கே சாதாரணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்குத் தொடர வழி செய்தது. அத்திபெலேக்காரர் பெங்களூருவில் தொடரலாம். சில கிலோமீட்டர் தள்ளி ஒசூரில் இருப்பவர் கிருஷ்ணகிரியில் தொடரலாம். செலுத்திய தொகை ரூ.50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அத்திபெலேக்காரருக்கு அது அதே பெங்களூரு. ஒசூர்க்காரருக்கோ முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை. இணையவழிப் பதிவு வந்திருப்பது சற்றே ஆறுதல். செபியின் கணக்கில் தனிநபர் முதலீட்டின் சராசரி ரூ.50 லட்சத்தைச் சற்றே தாண்டுவதால், இந்தக் கோடு பலரின் தலைமேலேயே ஓடுகிறது.

நுகர்வோர் வழக்கில் இன்னொரு தடையும் உண்டு. ‘வணிக நோக்கத்துக்காக’ சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார். தொழிலுக்காக வங்கிக் கடன் வசதி பெற்ற பங்குத் தரகர் ஒருவர் நுகர்வோர் அல்லர் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியதை வங்கிகளின் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டக்கூடும். வாழ்நாள் சேமிப்பை வங்கி ஊழியர் சொன்ன இடத்தில் போட்ட முதியவர் அந்தத் தரகருக்கு நிகரானவர் அல்லர். ஆனால் அந்த வேறுபாட்டை வாதிட்டு நிலைநாட்ட வேண்டியவர் முதியவரே.

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், 2021 நவம்பரில் தொடங்கியபோது, இழப்பீட்டுக்கு ரூ.20 லட்சம் என உச்சவரம்பு வைத்தது. வைப்பை முறித்தவர்களின் சராசரித் தொகையே அதைவிட அதிகம். வங்கி பதில் தந்த ஓராண்டுக்குள் அங்கே செல்ல வேண்டும் என்பதும் நிபந்தனை.

இனி, காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் பொதுவாக மூன்று ஆண்டு. பத்திரம் அழிந்தது 2020 மார்ச் 14. அதற்கு மறுநாளான மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான பெருந்தொற்றுக் காலத்தைக் காலக்கெடுக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் விலக்கியது. செபியின் உத்தரவு வந்த நாளிலிருந்துதான் மோசடி தெரியவந்தது என்று வாதிட்டாலும், அந்த நாளும் இதே விலக்குக்குள்தான் விழுகிறது. எனவே வழக்கமான கணக்கில் நுகர்வோர் புகாருக்கான காலம் 2024 பிப்ரவரி இறுதியை ஒட்டியும், உரிமையியல் வழக்குக்கான காலம் 2025 பிப்ரவரி இறுதியை ஒட்டியும் முடிந்தன. தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ‘உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்’ என்பதைப் போதிய காரணமாக ஏற்கச் செய்வது எளிதன்று. அங்கே நடப்பது வேறு கேள்வி பற்றிய வழக்கு என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் சொல்லிவிடும். காத்திருங்கள் என்று முதலீட்டாளர்களுக்கு நல்லெண்ணத்தோடு அறிவுரை சொன்னவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

ஹாங்காங் செய்தது

இப்படி ஒவ்வொருவரும் தனித்தனியே மோத வேண்டும் என்பது விதியன்று. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, ஹாங்காங்கில் வங்கிகள் ‘மினிபாண்ட்’ என்ற பெயரில் விற்ற சிக்கலான பத்திரங்கள் பல்லாயிரம் பேரின் சேமிப்பைச் சிக்கவைத்தன. அங்கும் பெயர் ‘கடன் பத்திரம்’ என்று நம்பவைத்தது. அங்கும் வாங்கியவர்களில் முதியோர் ஏராளம். முதலீட்டாளர்கள் வங்கிகளின் வாசல்களில் பதாகைகளுடன் போராடினர்.

ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியே விசாரிப்பதைவிட, வங்கிகள் விற்ற முறையையே ஒட்டுமொத்தமாகக் கேள்விக்குள்ளாக்கும் வழியை அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்புகள் தேர்ந்தெடுத்தன. 2009 ஜூலையில் 16 வங்கிகள், தகுதியுள்ள வாடிக்கையாளர்களிடமிருந்து பத்திரங்களை அசலில் 60 சதவீதம் கொடுத்துத் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டன. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 70 சதவீதம். 2011இல் பிணைச் சொத்துகள் மீட்கப்பட்டபின் மொத்த மீட்பு 85 முதல் 96.5 சதவீதத்தை எட்டியது. நீதிமன்றப் படியேறாமல் அவர்கள் பெற்ற தொகை இது.

சிங்கப்பூரில் நீதிமன்றத்தை நாடியவர்களுக்கு நேர்ந்தது வேறு. பின்னாளில் லட்சுமி விலாஸ் வங்கியைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட அதே டிபிஎஸ் வங்கி அங்கே விற்ற ‘ஹை நோட்ஸ் 5’ பத்திரங்களை வாங்கியவர்கள், ஒப்பந்தமே செல்லாது என்று வழக்காடி 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர்.

செபியின் கையில் 1,346 பேரின் பட்டியல் இருந்தது. யார் எந்த நாளில் வைப்பை முறித்தார், எந்த நாளில் பத்திரம் வாங்கினார் என்ற விவரமும் இருந்தது. சம்பந்தப்பட்ட மொத்தத் தொகை ரூ.679 கோடி. திருப்பி வாங்கிக்கொள்ளும்படி ஒரு வங்கியைப் பணிக்கவோ, குறைந்தபட்சம் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவோ இதைவிடத் தெளிவான அடிப்படை அமைவது அரிது. அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது ஒரு தவறிய வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2014இல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம், தமக்குப் பொருத்தமான நிதித் திட்டத்தையே பெறும் உரிமையும் இழப்பீட்டு உரிமையும் வாடிக்கையாளருக்கு உண்டு என்கிறது. அந்த இரண்டு உரிமைகளும் இங்கே சந்தித்திருக்க வேண்டும்.

பின்னர் விதிகள் இறுகின என்பது உண்மை. 2020 அக்டோபரில் செபி, ஏடி-1 பத்திரங்களைத் தகுதிவாய்ந்த நிறுவன முதலீட்டாளர்களுக்கே வெளியிட வேண்டும், குறைந்தபட்ச ஒதுக்கீடு ரூ.1 கோடி என்று ஆணையிட்டது. இன்று ஒரு கிளை ஊழியர் சாதாரண வாடிக்கையாளரிடம் இந்தப் பத்திரத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், தனியார் ஒதுக்கீட்டில் வெளியாகும் பிற கடன் பத்திரங்களின் முகமதிப்பு ரூ.10 லட்சத்திலிருந்து 2023இல் ரூ.1 லட்சமாகவும், 2024இல் சில நிபந்தனைகளுடன் ரூ.10 ஆயிரமாகவும் குறைந்திருக்கிறது. சிறு முதலீட்டாளருக்குச் சந்தையைத் திறந்துவிடும் நோக்கம் நல்லதே. வைப்பு வட்டி குறையும் ஒவ்வொரு முறையும் ‘எஃப்டியைவிட இரண்டு சதவீதம் கூடுதல்’ என்ற அழைப்பு கைப்பேசிக்கு வரும் நாட்டில், அந்தக் கதவு வழியே எது உள்ளே வரும் என்பதையும் கூடவே பார்க்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய அழைப்பை ஏற்று ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பத்திரம் இன்னும் வட்டி தந்துகொண்டிருக்கும்போதே சில ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம்: நிபந்தனைத் தாள், தம் பெயரில் வங்கி நிரப்பிய இடர் மதிப்பீட்டுப் படிவம், ஊழியர் அனுப்பிய மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும், வைப்பு முறிக்கப்பட்டதற்கான ரசீது. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இருக்காது. யெஸ் வங்கி விவகாரத்தில் செபிக்குக் கைகொடுத்த சான்றுகளில் ஒன்று மிக எளியது: வைப்பு முறிந்த தேதியும் பத்திரம் வாங்கிய தேதியும் அடுத்தடுத்து இருந்தன.